நாற்பத்தோராவது நிமிடம்

அத்தியாயம் 11

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஒரு தம்பி. மூன்று பேரும் ஒரு காலத்தில் ஒரே ஸ்டுடியோவில் கார்ட்டூன் வரைந்தவர்கள். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் ‘வாசல்நாய்’ என்று குடும்பத்தோடு பார்க்கும்படியாக ஒரு படம் வந்தது. கிரேக்கப் புராணத்தில், செத்தவர்கள் வெளியே போய்விடாதபடி பாதாளத்தின் வாசலில் காவல் படுத்திருக்கும் மூன்று தலை நாயின் கதை. இடதுதலையை அண்ணன் வரைந்தார். நடுத்தலை தங்கையுடையது. வலதுதலையும் உடம்பும் வாலும் தம்பியின் பொறுப்பு. ஸ்டுடியோவில் அவர்கள் பெயரே இடது, நடு, வலது என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பேருமே திரும்ப மாட்டார்கள்.

படம் பாதியில் இருந்தபோது அவர்களுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்தாள். தங்கை அங்கிருந்து மூன்று தடவை போன் செய்தாள். “இந்த ஒரு சீனை முடிச்சிட்டு வந்துடறேன்” என்று அண்ணன் மூன்று தடவையும் சொன்னார். இடதுதலை கொட்டாவி விடும் சீன் அது. கொட்டாவி முடிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. அன்றோடு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. தம்பி பிறகு கடல் கடந்து போய்விட்டான்.

இரண்டு வாரத்துக்கு முன், மறந்துபோன படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிடும் சங்கம் ஒன்று அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக அழைப்பு அனுப்பியது. ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு ‘வாசல்நாய்’. படம் முடிந்ததும் கலந்துரையாடல்.

இன்றைக்கு ஞாயிறு.

*

இடதுக்கு எழுபத்தோரு வயது. மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. மனைவி போய் எட்டு வருடம். பிள்ளைகள் இல்லை.

அந்த வீட்டின் அமைதியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை எறும்புகள் வரிசையாக உள்ளே வந்து, கூடத்தின் நடுவரை பார்த்துவிட்டு, தங்கள் காலடிச் சத்தம் தங்களுக்கே கேட்டதும் பதறிப்போய் நுனிக்காலில் திரும்பிப் போயின. சுவர்க் கடிகாரம் தான் மட்டும் பேசிக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று மூன்று வருடங்களுக்கு முன் நாலே காலுக்கு நிறுத்திக்கொண்டது. பேட்டரி தீர்ந்ததுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அந்த வீட்டில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்ல.

ஃப்ரிட்ஜ் மட்டும் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விடும். “சரி, சரி” என்பார் இடது. ஒரு வாரத்தில் அவர் பேசும் பேச்சில் பாதி அதுதான்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு வேலை வருகிறது. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கட்டடங்களில் பலகை மாட்டுகிறார்கள் அல்லவா? அந்தப் பலகையில் ஓடும் ஆளை வரைந்து கொடுப்பது. அந்த ஆளுக்கு முகம் கிடையாது. முகம் வைத்தால் ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே’ என்று ஜனங்கள் நின்று யோசிப்பார்கள், அதற்குள் தீ வந்துவிடும் என்பது கம்பெனியின் கருத்து. ஆகவே முகமில்லாத ஆட்கள் அவர் மேசையில் வாரம் நாற்பது பேர் ஓடினார்கள். ஒருவரும் நின்று ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் அவர் பதினொரு நாளாகத் தயார் செய்துகொண்டிருந்தார். தங்கையிடம் கேட்பதற்கு.

“எப்படி இருக்க?” என்று சவரக் கண்ணாடியில் கேட்டுப் பார்த்தார். போலீஸ் விசாரணை போல இருந்தது. “எப்படிம்மா இருக்க?” டாக்டர் மாதிரி ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தார். பல்செட் விற்க வந்தவன் போலத் தெரிந்தது. கடைசியில், அங்கே போய் வாயில் எது வருகிறதோ வரட்டும் என்று விட்டுவிட்டார். தங்கை ஒரு வார்த்தை பேசினால் போதும். திட்டினாலும் சரி. இதற்கு மேல் அவருக்கு எந்த ஆசையும் இல்லை. இதற்குக் குறைந்தும் இல்லை.

மாடிப்படியில் முதல் மாடி அம்மாள் வழிமறித்தாள்.

“என்ன சார், இஸ்திரி போட்ட சட்டை! பொண்ணு பாக்கக் கிளம்பிட்டீங்களா?”

“நாய் பாக்கப் போறேன்.”

“வளக்கப் போறீங்களா?”

“வளத்தாச்சும்மா. ஒரு தலையை மட்டும்.”

அந்த அம்மாள் புரிந்தது போலத் தலையாட்டினாள். தனியாக இருக்கும் கிழவர்கள் எது சொன்னாலும் அப்படி ஆட்டுவதற்கென்று அவளிடம் ஓர் ஆட்டல் இருந்தது.

*

அதே நேரத்தில், பேருந்தில் அரை மணி தூரத்தில், நடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அறுபத்தாறு. கணவர் இல்லை, மகள் வேறு நாட்டில். வீட்டுக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது, தொலைந்தால் மாற்றுச் சாவி வைத்திருக்க யாரும் இல்லாததால் அதைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கடையில் அவள் வேலை, வருகிறவர் மூக்கில் ஃப்ரேமை வைத்து, கருவிழி எங்கே வருகிறதோ அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பது.

“நேராப் பாருங்க. என் கண்ணைப் பாருங்க.”

“எந்தக் கண்ணு?” என்றார் வாடிக்கையாளர்.

“எது பிடிச்சிருக்கோ அது.”

ஒரு நாளைக்கு முப்பது பேராவது அவள் கண்ணைப் பார்க்கிறார்கள். புள்ளி வைத்ததும் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிவிடுவார்கள்.

கடைக்காரர் உள்ளிருந்து தலையை நீட்டினார். “என்னக்கா, ஒரு மணிக்கே கிளம்பறீங்களாமே?”

“சினிமாவுக்கு.”

“சினிமாவா! யார் கூட?”

“என் கூடத்தான்.”

“என்ன படம்?”

“பழைய கார்ட்டூன். நாய்ப் படம்.”

“நல்லா இருக்குமா?”

“பாதி வரைக்கும் நல்லா இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் நாய்க்குக் கழுத்து சுளுக்கிக்கும்.”

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் வருவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் இருக்கும் பக்கம் திரும்பக் கூடாது, கேட்டால் பதில் சொல்லக் கூடாது, படம் முடிந்ததும் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மூன்று தீர்மானம். நாலாவதாக, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அது ஏன் என்று அவளையே கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

*

நூற்றிருபது நாற்காலி போட்ட சின்ன தியேட்டர். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர்.

சங்கத்தின் செயலாளர், முப்பது வயதுப் பெண், முதல் வரிசையில் இரண்டு நாற்காலியில் ‘இடதுதலை’, ‘நடுத்தலை’ என்று எழுதிப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். நடு தன் தாளை உரித்தாள். அதே வரிசையின் மறுகோடிக்குப் போய், அங்கே அதை ஒட்டிவிட்டு உட்கார்ந்தாள். இடையில் ஆறு நாற்காலி. தயார் செய்த கேள்வி ஆறு நாற்காலியைத் தாண்டும் அளவுக்குப் பலமானது இல்லை. இடது அதை விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

அவர் இந்தப் படத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெளியான அன்று தியேட்டர் வாசல் வரை போய், செருப்பு அறுந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார். செருப்பு அறுந்திருக்கவில்லை.

கதை இதுதான். ஒரு பலசாலி, அரசன் இட்ட வேலையை முடிப்பதற்காகப் பாதாளத்தில் இறங்கி, காவல்நாயைத் தரதரவென்று மேலே இழுத்து வருகிறான். நாயைப் பார்த்த அரசன் அலறியடித்து ஒரு பெரிய ஜாடிக்குள் ஒளிந்துகொள்கிறான். பலசாலி, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு, நாயை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இனி நாய் தானாக வீடு திரும்ப வேண்டும். வெயிலை அதுவரை பார்த்ததில்லை. மனிதர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதும் அதற்குப் புதுசு.

முதல் நாற்பது நிமிடம் தியேட்டர் சிரித்தது. பதினோரு பேர் என்று நம்ப முடியாத சிரிப்பு. ஒரு வண்ணத்துப்பூச்சி நடுத்தலையின் மூக்கில் உட்கார, மற்ற இரண்டு தலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கின்றன. ஒரு தலைக்கு விக்கல் வந்தால் மற்ற இரண்டும் கண்ணை உருட்டுகின்றன. தூங்கும்போது மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொள்கின்றன. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்து வரைந்தவை அவை.

நாற்பத்தோராவது நிமிடத்தில் இடதுதலை கொட்டாவி விட்டது.

அதற்குப் பிறகு அந்த நாயின் தலைகள் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

பேச்சு நின்ற பிறகு அண்ணன் ஒரு மூலையிலும் தங்கை ஒரு மூலையிலும் உட்கார்ந்து வரைந்தார்கள். தலைகள் தனித்தனித் தாளில் இருந்ததால் வேலை தடைபடவில்லை; தம்பிதான் தாள்களை ஒரு தட்டில் வைத்து இங்கும் அங்கும் கொண்டுபோவான். இடதுதலை இடது பக்கமே பார்த்தது. நடுத்தலை நேரே பார்த்தது. வலதுதலை, யாரைப் பார்த்தாலும் ஒரு கட்சியில் சேர்ந்ததாகிவிடும் என்று பயந்து, படம் முடியும் வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘நாய்க்குக் கழுத்துவலியா?’ என்று அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகை கேட்டது. குழந்தைகள் அழுதன. படம் ஐந்தாம் நாள் எடுக்கப்பட்டது.

ஆனால் இன்று தியேட்டரில் யாரும் கேலி செய்யவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். ஒரே உடம்பில், ஒரே கழுத்துப்பட்டையில் மாட்டியிருக்கும் மூன்று தனிமைகள் மலையும் வயலும் தாண்டி நடந்துகொண்டே இருந்தன. வெயிலுக்கு ஒதுங்கியவர் மூக்கை உறிஞ்சினார்.

கடைசியில் நாய் பாதாள வாசலுக்கு வந்து சேர்கிறது. கதவு விரியத் திறந்து கிடக்கிறது. காவல் இல்லாத இத்தனை நாளில் ஒருவர்கூட வெளியே போயிருக்கவில்லை. நாய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இடதுதலை இடது பக்கம் பார்த்தபடி கண்ணை மூடுகிறது.

அப்போது நடுத்தலை திரும்பியது.

திரும்பி, இடதுதலையைப் பார்த்தது. புருவம் லேசாக உயர்ந்தது. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல நின்றது. இடதுதலை கண்ணைத் திறக்கவில்லை. நடுத்தலை முன்பக்கம் திரும்பிக்கொண்டது. எல்லாம் சேர்த்து ஒரு நொடிகூட இருக்காது. எட்டே எட்டுத் தாளில் வரைந்தது. கண் சிமிட்டியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இடது கண் சிமிட்டவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

*

விளக்கு போட்டார்கள். செயலாளர் இரண்டு நாற்காலியை மேடையில் போட்டு, மைக்கைப் பிடித்தாள்.

“இதை நான் பதினேழு தடவை பாத்திருக்கேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கலை. நாற்பத்தோராவது நிமிஷத்துக்கு அப்புறம் அந்தத் தலைகள் ஒண்ணை ஒண்ணு பாக்கறதே இல்ல. இவ்வளவு துணிச்சலான ஒரு விஷயம், குழந்தைங்க பாக்கற படத்துல... இது யாரோட யோசனை?”

மைக் முதலில் நடுவிடம் போனது.

“எங்க அண்ணனோட யோசனை” என்றாள் நடு. “முழுக்க முழுக்க அவரோடதுதான்.”

பதினோரு பேரும் கைதட்டினார்கள். மைக் இடதுவின் கைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கிடைத்த கைதட்டல். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அவருடையதாகிவிடும்.

“யோசனை எல்லாம் இல்லம்மா” என்றார். “எங்க அம்மா சாகக் கிடந்தப்போ நான் ஒரு கொட்டாவி வரைஞ்சிட்டிருந்தேன். தங்கச்சி மூணு தடவை கூப்பிட்டா. நான் போகலை. அப்புறம் அவ என் முகத்தைப் பாக்கலை. அதான் நாயும் பாக்கலை. வேற ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.”

வெயிலுக்கு ஒதுங்கியவர் மட்டும், என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு தடவை கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

*

பேருந்து நிறுத்தத்தில் நடு தனியாக பெஞ்சில் இருந்தாள். இடது வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். பதினொரு நாள் ஒத்திகை பார்த்த கேள்வி வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“கடைசி சீன்ல உன் தலை திரும்புதே. அது எதுக்கு?”

நடு சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது.

“எதுக்குன்னு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?”

“இப்பத்தான் பாத்தேன்.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா. இந்தப் படத்தையே இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

“நான் படத்தைச் சொல்லலை. அந்த எட்டுத் தாளையும் தம்பி தட்டுல வச்சு உனக்குத்தானே அனுப்பினேன்? பாத்துட்டு உன் தலையையும் கொஞ்சம் திருப்புவேன்னு மூணு நாள் காத்துட்டிருந்தேன்.” இப்போதுதான் அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். “நான் சமாதானத்துக்கு வந்தேன் அண்ணா. நீதான் சிரிச்ச.”

“நான் சிரிச்சேனா?”

“‘அண்ணன் பாத்தாரு, பாத்துட்டு சிரிச்சாரு’ன்னு தம்பி வந்து சொன்னானே.”

நகரத்தின் சத்தமெல்லாம் யாரோ ஃப்ரிட்ஜுக்குள் எடுத்து வைத்து மூடியது போல ஆகிவிட்டது.

“எங்கிட்ட அந்தத் தாள் வரவே இல்ல, நடு.”

இருபத்தாறு வருடத்தை மனசுக்குள் பின்பக்கமாகத் திருப்பிப் பார்க்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

“அவன் எதுக்கு அப்படிச் சொன்னான்?”

“தெரியலை.”

“நான் கேக்கறேன் அவன்கிட்ட. இப்பவே கேக்கறேன்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

இடது செருப்பு நுனியைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குப் போன் பண்ணுவான். நாலு நிமிஷம் பேசுவான். வாரத்துல எங்கிட்ட பேசறவன் அவன் ஒருத்தன்தான். கேட்டு, அதுவும் நின்னுடுச்சுன்னா?”

அவள் பேருந்து வந்தது. நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் கையை விரித்துக் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பேருந்து போனது.

“உன் நம்பரைச் சொல்லு” என்றாள்.

“நம்பரா?”

“போன் நம்பர்.”

இடது சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நம்பர் அதன் முதுகில் எழுதியிருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார். “தெரியலையே. இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“அப்போ நீ எனக்குப் பண்ணு. சொல்றேன், அமுக்கு.”

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக, ஆணி அடிப்பது போல, அமுக்கினார். மூன்றடி தள்ளி அவள் கையில் போன் அடித்தது. அவள் உடனே எடுக்கவில்லை. நாலைந்து தடவை அடிக்கவிட்டு, பிறகு காதில் வைத்தாள்.

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா?”

“உன் அண்ணன்.”

“அப்படியா. என்ன இத்தனை நாள் கழிச்சு?”

அடுத்த பேருந்து வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறிக்கொண்டாள். அவரும் வைக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் அவள் உட்காருவது தெரிந்தது. பேருந்து வளைவில் மறைந்த பிறகும் உள்ளே யாரோ இருமுவதும், யாருடைய குழந்தையோ சிணுங்குவதும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவு மனிதச் சத்தம் அவர் காதுக்குள் வந்து வெகு நாளாகிவிட்டது.

“கேக்குதா?” என்றாள்.

“கேக்குது.”

“தம்பி அடுத்த மாசம் வர்றான். பத்தாம் தேதி. ஒரேயடியா இங்கேயே வந்துடறானாம். என் வீட்டுலதான் தங்கப் போறான். உன்கிட்ட சொன்னான்ல?”

இன்று காலை எட்டு மணிக்குத் தம்பி பேசிய நாலு நிமிடமும் இடதுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. அங்கே மழை என்றான். முட்டி வலி என்றான். வைக்கட்டுமா என்றான்.

“ம்” என்றார் இடது. “சொன்னான், சொன்னான்.”

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு தங்கையோடு பேச ஆரம்பித்து அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் அவளிடம் ஒரு பொய் சொல்லியாயிற்று.